புதுப்பிப்பு: எம்ஜிபி எஞ்சினின் குறைந்த ஆயில் பிரஷர்

எனது 1972ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1,798 சிசி எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, ஆயில் பிரஷர் வண்டி ஓடும்போது 40 பிஎஸ்ஐயைத் (பிரஷரின் அலகு) தாண்டுவதில்லை என்றும், ஐடிலிங்கில் (வண்டி நின்றிருக்க எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது) 10க்கும் கீழே இறங்குகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். வண்டி ஓடும்போது 50 முதல் 80 வரையும், ஐடிலிங்கில் 10 முதல் 25 வரையும் இருப்பதே இந்த எஞ்சினுக்கு இயல்பு.

டாஷ்போர்டு கேஜை நம்பி எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் என்று பலரும் அறிவுறுத்தியபடி, தனி மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன், அளவு மாறவில்லை. அடுத்து, பிளாக்கின் இடப்புறப் பின்பகுதியில் உள்ள ரிலீஃப் வால்வை (பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலை வெளியேற்றும் வால்வு) கழற்றியபோது, அதன் ஸ்பிரிங் புதியதைவிடக் குட்டையாக இருந்தது. மாற்றியதும் வண்டி ஓடும்போது பிரஷர் 55க்கு உயர்ந்தது, ஆனால் ஐடிலிங் அளவு அப்படியே நின்றது.

இந்த வேறுபாடுதான் மிகவும் முக்கியமானது. பம்ப் ஆயிலைப் பாய மட்டுமே வைக்கிறது. அந்தப் பாய்வுக்கு, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி காட்டும் எதிர்ப்பே பிரஷராகிறது. ஐடிலிங்கில் ரிலீஃப் வால்வு மூடியே இருப்பதால், ஸ்பிரிங்கை மாற்றுவது அங்கே எதையும் திருத்தாது. இந்த எஞ்சினுக்கு ஏற்ற கெட்டித்தன்மையுள்ள 20டபிள்யூ-50 ஆயிலே உள்ளே இருப்பதால், தேய்ந்த பேரிங் அல்லது தேய்ந்த பம்ப் என்பவையே முக்கியக் காரணங்களாக எஞ்சுகின்றன. கெட்டியான ஆயிலை ஊற்றிக் கேஜ் முள்ளை உயர்த்துவது தேய்மானத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது என்பதால், அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

எஞ்சினை இறக்காமலேயே சம்பைக் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்ற முடியும் என்பதால், முதலில் பிக்-எண்ட் பேரிங்குகளின் (பிஸ்டன் தண்டு கிராங்க்ஷாஃப்டோடு இணையும் இடத்தில் உள்ளவை) இடைவெளியை அளக்கவிருக்கிறேன். அதுவரை வண்டியை ஓட்டப்போவதில்லை.