கற்பனாவாதமா, உணர்வெழுச்சிவாதமா? போர்த்துகீசிய இலக்கியத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

போர்த்துகீசிய இலக்கிய வரலாற்றுக்கான சொற்பட்டியலில் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டோம். உணர்வுக்கு முதலிடம் தந்த ஐரோப்பிய இலக்கிய இயக்கமான ரொமான்டிசிசத்துக்குக் 'கற்பனாவாதம்' இருக்கிறதே, புழங்குகிற சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நானும் வெகுகாலம் அப்படியே எழுதிவந்தேன். போர்த்துகீசிய நூல்களோடு உட்கார்ந்த பிறகு மனம் ஒப்பவில்லை.

'கற்பனாவாதம்' என்றதும் படிப்பவர் எதிர்ப்பக்கத்தில் உண்மையை வைத்துவிடுகிறார். இவர்கள் கற்பனை செய்தவர்கள், பின்னால் வந்த யதார்த்தவாதிகள் உண்மையைச் சொன்னவர்கள் என்று ஆகிவிடுகிறது. போர்த்துகலில் கோடு அப்படி ஓடவில்லை. கமிலு காஸ்தெலு பிராங்குவின் 'அமோர் தெ பெர்திசாவ்' 1862இல் வந்தது. அழிவில் முடியும் காதலின் கதை. அந்த நாட்டு ரொமான்டிக் நாவல்களில் மிகவும் புகழ்பெற்றது அதுதான். அது தொடங்குவதோ போர்த்து நகரச் சிறையின் பழைய பதிவேட்டில் கண்ட ஒரு கைதியின் பதிவோடு! அந்தக் கைதி ஆசிரியரின் சொந்தச் சித்தப்பா. பிறர் மனைவியைக் காதலித்த வழக்கில் கமிலுவும் அதே சிறையில் அடைபட்டிருந்தபோது எழுதிய நாவல் அது. அலெஷாந்த்ரே எர்குலானு வரலாற்று நாவல்கள் எழுதியதோடு இடைக்கால ஆவணங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். அல்மெய்தா காரெட் நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் திரட்டியவர். இவர்களைக் கற்பனாவாதிகள் என்று எழுதக் கை வரவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். யதார்த்தவாதத்தின் பெரிய பெயர் எஸா தெ கெய்ரோஸ். 1871இல் லிஸ்பனில் நடந்த 'காசினோ சொற்பொழிவுகள்' என்ற பொதுச் சொற்பொழிவுத் தொடரில் யதார்த்தவாதத்தைக் கலையின் புதிய வெளிப்பாடாக முன்வைத்துப் பேசியவர். அவர் பேசிய அதே மாதத்தில் அந்தத் தொடரையே அரசாங்கம் தடைசெய்தது. அவருடைய 'அ ரெலிக்கியா' (1887) நாவலின் முகப்பு வரி என்ன சொல்கிறது? உண்மையின் வலிய நிர்வாணத்தின் மேல் கற்பனையின் மெல்லிய போர்வை. கற்பனையை அவரும் விடவில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே? அதற்கும் எஸாவிடமே பதில் இருக்கிறது. 'ஓஸ் மாயாஸ்' (1888) நாவலின் கடைசிப் பக்கங்களில் ஏகா தன் நண்பன் கார்லோஸிடம், நாம் பள்ளிக்கூட நாளிலிருந்தே ரொமான்டிக்குகள்தான், அறிவால் அல்லாமல் உணர்வால் வாழ்க்கையை நடத்துகிறவர்கள் என்று சொல்கிறான். கோடு உணர்வுக்கும் அறிவுக்கும் நடுவில் ஓடுகிறது.

அதனால் என் முன்மொழிவு: உணர்வெழுச்சிவாதம். 'எழுச்சி' இங்கே வேண்டுமென்றே வைத்தது. காரெட்டும் எர்குலானுவும் நாடுகடந்து வாழ்ந்துவிட்டு, 1832இல் மன்னரின் வரம்பற்ற அதிகாரத்தை எதிர்த்த தாராளவாதப் படையோடு கரையிறங்கிப் போர்த்து முற்றுகையில் நின்றவர்கள். மனத்தின் எழுச்சியும் மக்களின் எழுச்சியும் இவர்களிடம் ஒன்றாகவே இருந்தன. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது பெரிய வசதி.

'புனைவியல்' என்றும் ஒரு யோசனை வந்தது. புனைவு என்றால் இன்று எல்லாக் கதையும்தான். எஸாவின் நாவலும் புனைவுதான். 'ரொமான்டிக்' என்றே ஒலிபெயர்த்தால் காதல் காட்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த சொல், அல்ட்ரா ரொமான்டிசிசம். ரொமான்டிசிசத்தின் உணர்ச்சி எல்லைமீறிப் போன போக்கு அது. கவிஞர் சுவாரிஸ் தெ பாசோஸின் கல்லறைக் கதைப்பாடலை நினைத்துக்கொள்ளுங்கள். முடிவில் ஒரே குழியில் இரண்டு எலும்புக்கூடுகள் தழுவியபடி கிடக்கும். 'மிகையுணர்ச்சி' என்று எழுதினால் மெலோடிராமாவோடு குழம்பும். 'அதீத' சேர்த்தால் ஏதோ உயர்நிலை போலத் தொனிக்கிறது. 'மிகையெழுச்சிவாதம்' எனலாமா? மிகைபடக் கூறலை நூற்குற்றம் பத்தில் ஒன்றாக நம் இலக்கணிகள் வைத்தார்கள். விமர்சகர்களும் அல்ட்ரா ரொமான்டிசிசம் என்ற பெயரைப் பெரும்பாலும் குறைசொல்லும் தொனியில்தான் பயன்படுத்தினார்கள். பொருத்தம் சரியாக இருக்கிறது.

யதார்த்தவாதத்தை மாற்ற வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த சொல், இடறவும் இல்லை.

*

மறுமடல்:

ஐயா, காரணங்கள் சரி. ஆனால் சொல் நீளம். 'உணர்வெழுச்சிவாதக் கவிஞர்' என்று ஒரு பத்தியில் நான்கு தடவை வந்தால் படிக்கிறவர் களைத்துப்போவார். 'உணர்வுவாதம்' போதாதா?

*

பதில்:

நீளம் உண்மைதான், அதை நானும் யோசித்தேன். 'உணர்வுவாதம்' புலனுணர்வை வைத்துப் பேசும் தத்துவக் கொள்கை போலக் கேட்கிறது, அதனால்தான் விட்டேன். அடைமொழியாக வரும் இடங்களில் 'வாதம்' வேண்டாம்: உணர்வெழுச்சிக் கவிதை, உணர்வெழுச்சி நாவல், உணர்வெழுச்சிக் காலம். முழுச்சொல் தலைப்புகளில் மட்டும் வரட்டும்.

ஓர் இடத்தில் எனக்கு இன்னும் தடுமாற்றம். 'ஓஸ் மாயாஸ்' நாவலின் துணைத்தலைப்பு ரொமான்டிக் வாழ்க்கையின் நிகழ்ச்சிகள் என்கிறது. 'உணர்வெழுச்சி வாழ்வின் நிகழ்ச்சிகள்' என்று எழுதிப் பார்த்தேன். நாவலின் அட்டையில் வைக்கும் அளவுக்கு ஓசை கூடவில்லை. 'உணர்வின் வழி வாழ்ந்தவர்கள்' என்று விரித்தால் ஏகாவின் பேச்சோடு ஒட்டுகிறது, ஆனால் கலைச்சொல் கைநழுவிப் போகிறது. மொழிபெயர்ப்பில் கைபழகியவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டுவைக்கிறேன்.