வார்டு வருஷக் கணக்குக் கூட்டம்: வடசென்னையில் எது எடுபடும், எங்கே சொதப்பும்?

காசிமேடு வாசி

கவுன்சிலரும் அதிகாரிகளும் வருஷத்துல செஞ்ச வேலைக்கும் செலவுக்கும் வார்டு மக்கள்கிட்ட கணக்குச் சொல்ற கூட்டத்தை எப்படி நடத்தலாம்ங்கிறதுதான் கேள்வி. முதல்ல தேதி. நிதியாண்டு மார்ச் 31-ல முடியுது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை. எங்க பக்கத்து வார்டுகள்ல ஆம்பளைங்க தொடர்ச்சியா கரையில இருக்கிறது அந்த 61 நாள்தான். அதனால ஏப்ரல் கடைசி வாரம், வேலை நாள், சாயங்காலம் ஆறரை மணி. ஞாயித்துக்கிழமை காலையில வெச்சா மீன் விக்கிற பெண்கள் ஒருத்தர்கூட வர முடியாது. அவங்களுக்கு வாரத்துலயே பெரிய வியாபாரம் அப்பதான். மே மாசத்துக்குத் தள்ளினா ஸ்கூல் லீவு, பாதித் தெரு ஊருக்குக் கிளம்பிடும்.

ஏப்ரல் 30-க்குள்ள அரையாண்டுச் சொத்து வரி கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதுக்கு ஒரு கவுன்ட்டர் போடலாம், ஆனா வாசல்ல வேண்டாம். வசூல் கேம்ப்னு நெனச்சு அப்படியே திரும்பிடுவாங்க.

வியாசர்பாடி சிவில்

அண்ணன் சொன்ன தேதி சரி. ஆனா கூட்டத்தைக் காப்பாத்துறது கையில கொடுக்கிற தாள்தான். 200 வார்டு, 426 சதுர கிலோமீட்டர்னு மொத்தச் சென்னைக் கணக்கை ஸ்கிரீன்ல ஓட்டினா வியாசர்பாடி எம்.கே.பி. நகர்காரருக்கு அதுல என்ன இருக்கு? தெருவாரியா போடுங்க: வேலை, ஒப்பந்தத் தொகை, இதுவரை கொடுத்த தொகை, ஆரம்பிச்ச தேதி, முடிக்க வேண்டிய தேதி, இப்போதைய நிலை. கைவிட்ட வேலையையும் காரணத்தோட சேர்க்கணும். மறைச்சா முதல் கேள்வியே அதுதான்.

மாட்டிக்கிறது 'நிலை'ங்கிற கட்டத்துல. மழைநீர் வடிகாலுக்கு 'முடிந்தது'ன்னு இருக்கும். தெரு முழுக்கக் கான்கிரீட் போட்டிருப்பாங்க, முனையில குறுக்கே குடிநீர்க் குழாயோ மின்கேபிளோ வந்ததால நாலு மீட்டர் இணைக்காம நிக்கும். தண்ணி கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் போகாம தெருவுலயே தேங்கும். அந்தத் தெருக்காரர் கையில 'முடிந்தது'ன்னு ஒரு தாளைக் கொடுத்தா என்ன ஆகும்? அதனால ஒரே சொல்லா எழுதாம மூணாப் பிரிங்க: கட்டியாச்சா, கால்வாய் வரை இணைச்சாச்சா, வண்டல் தொட்டி தூர் வாரியாச்சா. தண்ணி இறங்குற வாய் ரோட்டு மட்டத்தைவிட உசரமா இருந்தா அதுவும் முடியாத வேலைதான்.

ரோட்டுக்கு, எத்தனை மில்லிமீட்டர் சுரண்டினோம், எத்தனை மில்லிமீட்டர் போட்டோம்னு ரெண்டு எண் போதும். சுரண்டாம மேல மேல போட்டா வாசப்படி பள்ளத்துக்குப் போயிடும். இதைக் கேட்காத வார்டு கிடையாது.

திருவொற்றியூர் பழைய நகராட்சி

வர்ற கேள்வியில நிறைய மாநகராட்சியோடதே இல்ல சார். பாதாள சாக்கடை, குடிநீர் ரெண்டும் 1978-ல தனியா அமைஞ்ச குடிநீர் வாரியம். அடுக்குமாடிக் குடியிருப்புல மேற்கூரை ஒழுகினா வாழ்விட மேம்பாட்டு வாரியம். பட்டா தாலுகா ஆபீஸ், மணலிப் பக்கம் வாடைன்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மேடையில உதவிப் பொறியாளர் மட்டும் உட்கார்ந்து "அது எங்க துறை இல்ல"ன்னு பத்துத் தடவை சொன்னா கூட்டம் அங்கேயே முடிஞ்சிது. 2011-ல மாநகராட்சியோட சேர்ந்த திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் பகுதிகள்ல இந்தக் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. முன்னாடி எல்லாத்துக்கும் ஒரே நகராட்சி ஆபீஸ்தானே போவோம்!

மூணு வாரம் முன்னாடியே கடிதம், முந்தின நாள் போன். குடிநீர் வாரியத்தோட டெப்போ இன்ஜினியர் கண்டிப்பா வேணும். வராத துறையோட பெயர்ப் பலகையை எடுத்துடாதீங்க, காலி நாற்காலி முன்னாடியே இருக்கட்டும். அடுத்த தடவை ஆள் வருவாங்க.

கொருக்குப்பேட்டை

பொன்னாடையை முதல்ல ரத்து பண்ணுங்க. மேடையில எட்டுப் பேர் இருந்தா அதுக்கே அரை மணி நேரம் போயிடும். ரெண்டு மணி நேரக் கூட்டத்துல அறிக்கைக்கு இருபது நிமிஷம், மிச்சம் கேள்விக்கு.

மைக்கை முதல் வரிசையில கொடுத்தா கட்சிக்காரங்களைத் தாண்டி அது நகராது. கடைசி வரிசையில இருந்து ஆரம்பிக்கணும். மைக் பிடிக்கக் கூச்சப்படுறவங்களுக்கு எண் போட்ட சீட்டு: தெரு, எந்தத் துறை, கேள்வி. ஏற்கெனவே மாநகராட்சியோட 1913 ஹெல்ப்லைன்ல புகார் கொடுத்திருந்தா அந்தப் புகார் எண்ணையும் எழுதச் சொல்லுங்க, பதில் தேடுற வேலை பாதியாக் குறையும். அடிக்கட்டையைக் கிழிச்சு அவங்க கையிலயே கொடுத்துடணும். பதினஞ்சு நாள்ல சீட்டு எண் வாரியா பதிலை டிவிஷன் (வார்டு) ஆபீஸ் பலகையில ஒட்டுங்க. ஆளோட பேரு வேண்டாம், எண்ணும் தெருவும் போதும். கவுன்சிலரைக் கேள்வி கேட்டவங்க யாருன்னு ஊருக்கே தெரிஞ்சா அடுத்த வருஷம் யாருமே கேள்விச் சீட்டு எழுதித் தர மாட்டாங்க.