ஹம்பி ஆற்றங்கரை நடை: முழங்கால் வலியுள்ள தாயாருக்கு ஏற்றதா?

வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தாயாரை வரும் மார்கழியில் ஹம்பிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். விரூபாட்சர் கோயில் கடைவீதியின் கிழக்குக் கோடியிலுள்ள ஒற்றைக்கல் நந்தியிலிருந்து புறப்பட்டு, துங்கபத்திரையை ஒட்டியே கோதண்டராமர் கோயிலைக் கடந்து, அரசருக்குத் துலாபாரம் நடந்ததாகச் சொல்லப்படும் கல்தூண்களின் வழியாக விட்டலர் கோயில் வரை, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்க விரும்புகிறோம். மாதங்க மலையைக் கீழிருந்து பார்த்தாலே எங்களுக்குப் போதும்.

முன்பு நான் தனியே சென்றபோது, ஆற்றோரப் பாறையில் வெட்டிய படிகள் சில தேய்ந்து வழவழவென்றிருந்தன; அவற்றில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அம்மாவின் முழங்கால் அதற்கு இடங்கொடுக்காது. அப்படிகளைத் தவிர்க்க மாற்றுப் பாதை உண்டா? விட்டலர் கோயில் பக்கமிருந்து தொடங்கினால் ஏற்றம் குறையுமா? அண்மையில் முதியோருடன் நடந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.