புகுஷிமாவில் இறந்தவர் ஒருவர்தானா?

நெய்தல்:
கூடங்குளத்தின் புதிய அலகுகளைப் பற்றிய இழையில் மின்னியலன் அவர்கள் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ‘புகுஷிமாவில் கதிர்வீச்சால் இறந்தவர் ஒரே ஒருவர், மற்றதெல்லாம் வீண் பயம், அந்தப் பயம்தான் தூய மின்சாரத்துக்கு முட்டுக்கட்டை’ என்கிறார். 2011-இல் ஆழிப்பேரலை தாக்கி ஜப்பானின் அந்த அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் வீடுவாசலை விட்டு வெளியேறிய சுமார் 1,60,000 பேரும், பேரிடரின் தொடர்விளைவாக இறந்தவர்கள் என்று அந்த மாகாணத்திலேயே பதிவான 2,300-க்கும் மேற்பட்டோரும் இவர் கணக்கில் எங்கே போனார்கள்?

மின்னியலன்:
நான் எழுதியது கதிர்வீச்சைப் பற்றி. அம்மையார் பதில் சொல்வது வெளியேற்றத்தைப் பற்றி. கதிர்வீச்சால் நேர்ந்தது என்று ஜப்பான் அரசு முதன்முதலில் ஏற்றுக்கொண்ட மரணம் 2018-இல்தான் அறிவிக்கப்பட்டது. நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஓர் உலைப் பணியாளர். ஒருவர். நீங்கள் நீட்டும் 2,300 எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. உலைக்கு அருகே இருந்த ஃபுடாபா மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்களைப் பேருந்தில் ஏற்றி, பல மணி நேரம் அலைக்கழித்து, மருத்துவ வசதியே இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள்; 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சா, பதற்றமா?

நெய்தல்:
அவர்களைப் பேருந்தில் ஏற்றச் சொன்னது யார்? மார்ச் 12 அன்று முதல் உலையின் கட்டடம் வெடித்தது. அன்று மாலையே 20 கி.மீ. தொலைவுக்குள் இருந்தவர்களை அரசுதான் வெளியேறச் சொன்னது. உலை இல்லையென்றால் அந்த உத்தரவு ஏது, பேருந்து ஏது? ஒருவர், ஒருவர் என்று ஜபம் செய்வதால் மற்றவர்கள் உயிர்த்தெழப் போவதில்லை.

பழைய மாணவி:
இருவரும் சற்றுப் பொறுங்கள். உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இலேயே எழுதிவிட்டார்: பொதுமக்கள் ஆபத்தைப் பிணக்கணக்கால் மட்டும் அளப்பதில்லை, தன் கையில் இல்லாதது, கண்ணுக்குத் தெரியாதது, அடுத்த தலைமுறையையும் தொடுவது என்றால் அச்சம் பன்மடங்காகிறது. நீங்கள் ‘ஆபத்து’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் என்ன?

மின்னியலன்:
வரையறை பிறகு ஆகட்டும். எண்ணிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த ஒருவரை வைத்து ஜப்பான் என்ன செய்தது? விபத்துக்கு முன் 54 உலைகள் இருந்த நாட்டில், 2013 செப்டம்பரிலிருந்து 2015 ஆகஸ்ட் வரை ஓர் உலைகூட ஓடவில்லை. அந்த இடத்தை இறக்குமதி எரிவாயுவும் நிலக்கரியும் நிரப்பின. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளையும் மூடியது, பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டே. புகைபோக்கியிலிருந்து வருவது பழகிய நஞ்சு என்பதால் யாரும் அலறுவதில்லை. நெய்தல் அவர்களும்தான், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பதைப் பற்றி நான் இழை தொடங்கியபோது ஒரு வரிகூட எழுதாதவர், இன்று மனித உயிருக்கு வாதாடுகிறார்.

கயத்தாறுக்காரன்:
தூய மின்சாரம் என்றாலே அணு உலை என்று யார் எழுதிக் கொடுத்தது? எங்கள் ஊரில் ஆடிக் காற்றில் சுழலும் காற்றாடிகளைப் பார்த்து ஒருவரும் ஊரைக் காலிசெய்து ஓடியதில்லை.

மின்னியலன்:
காற்று விழுந்த பிறகு என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாமே. 2012-இல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டில் கிடந்தபோதும் உங்கள் காற்றாடிகள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தன.

கயத்தாறுக்காரன்:
மின்வெட்டுக் கதையை என்னிடம் சொல்லாதீர்கள். 1988-இல் ஒப்பந்தம் போட்ட கூடங்குளத்தின் முதல் அலகு மின்கட்டமைப்பில் இணைந்ததே 2013 அக்டோபரில்தான். கால் நூற்றாண்டு!

மின்னியலன்:
போராட்டம் நடத்தித் தாமதப்படுத்திவிட்டுத் தாமதத்தைக் குறை சொல்வது நல்ல வேடிக்கை.

நெய்தல்:
கூடங்குளம் உலையை எதிர்த்த இடிந்தகரைப் போராட்டம் வலுத்தது 2011-இல். அதற்கு முந்தைய 23 ஆண்டுகளும் மீனவர் கணக்கில்தானா? எண்ணூர் இழையில் நான் எழுதாததற்குக் காரணம், அங்கேயும் எல்லாப் பதில்களையும் நீங்களே எழுதிக்கொண்டிருந்தீர்கள். பயம், பயம் என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? கூடங்குளத்தின் கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததாக 2019 அக்டோபரில் செய்தி கிளம்பியபோது ஒரு நாள் மறுத்தார்கள். மறுநாளே உலையை நடத்தும் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கடற்கரையில் நின்றால் உலையின் குவிமாடம் தெரியும் ஊர்க்காரனுக்கு அந்த ஒரு நாள் போதாதா?

மின்னியலன்:
புகுந்தது நிர்வாகப் பிரிவின் கணினியில். உலையை இயக்கும் அமைப்பு தனியானது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பழைய மாணவி:
மறுத்தது சரியா என்பதுதானே அவர் கேட்டது?

மின்னியலன்:
நான் கேட்டதற்கு முதலில் பதில் வரட்டும். கதிர்வீச்சால் இறந்த இரண்டாமவர் யார்? அரசு ஏற்றுக்கொண்ட ஆவணத்தோடு காட்டுங்கள். ஆழிப்பேரலையில் மாண்டவர்களும் காணாமல் போனவர்களுமாகிய 18,000-க்கும் மேற்பட்டோரையும் உலையின் கணக்கில் எழுதாமல் விட்டதற்கு வேண்டுமானால் நன்றி சொல்கிறேன்.

நெய்தல்:
ஃபுடாபாவில் இறந்த முதியவர்களை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மின்னியலன்:
பயத்தின் கணக்கில். சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.