பூச்சாண்டிக்கு யார் முகம்?

பதினெட்டு வருஷமாகச் சுவரில் வரைகிறேன். கட்சி விளம்பரம், கடைப் பெயர் எல்லாம் பிளெக்ஸ் வந்ததும் போய்விட்டது. இப்போது கைகொடுப்பது பள்ளிக்கூடச் சுவரும் அங்கன்வாடிச் சுவரும்தான். எங்கே போனாலும் பாட்டி வடை சுட்ட கதையைக் கேட்பார்கள், ஆமையும் முயலும் கேட்பார்கள். விழுப்புரம் பக்கம் ஓர் ஊரில் மட்டும், "ரோட்டுப் பக்கம் பூச்சாண்டியையும் போடுங்க, பிள்ளைங்க கேட்டைத் தாண்டி ஓடாது" என்றார்கள்.

எங்கள் ஆயா சொன்ன பூச்சாண்டிக்கு முகமே கிடையாது. இருட்டு உண்டு, சாக்குப்பை உண்டு, அவ்வளவுதான். சோறு தீர்ந்ததும் அவனும் போய்விடுவான். சுவரில் அப்படி விட முடியாதே, மூக்கும் முழியும் வைத்தாக வேண்டும். நான் யோசிக்கக்கூட இல்லை. சாக்பீஸில் கோடு இழுக்கும்போதே கை தானாகக் கொண்டையைப் போட்டது, கழுத்தில் பாசிமணி மாலையைப் போட்டது, தோளில் மூட்டையை ஏற்றியது. உடம்புக்குக் கறுப்பு ஸ்டெய்னரை, அதாவது பெயிண்டில் கலக்கும் சாயத்தை, அப்படியே ஊற்றினேன்.

மூன்றாம் நாள் பார்டர் இழுத்துக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் ஊசி, பாசி விற்கும் அம்மா ஒருவர் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சாமி, இது எங்க ஆளா?" என்றார். குரலில் கோபமே இல்லை. அவர் மகன் அதே பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். ரெண்டு நாளாக எல்லாரும் அவனைப் பூச்சாண்டி என்று கூப்பிடுகிறார்களாம். அன்று காலையில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறான்.

எனக்குப் பேச்சே வரவில்லை. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு எத்தனை காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்! அவர்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குள் கால் வைத்தால், வாசலிலேயே அவன் அப்பாவைப் பிள்ளை பிடிக்கிறவனாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இந்தப் பயம் எதுவரை போகும் என்று நமக்குத் தெரியும். 2018 மே மாதம், பிள்ளை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய சமயம், போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தை அடித்தார்கள். குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி செத்தே போனார்.

அன்றைக்கே தலைமையாசிரியையிடம் சொல்லி அழித்தேன். கறுப்பு மறைய மூன்று கோட் பிரைமர் பிடித்தது. அங்கே என்ன வரையலாம் என்று அந்தப் பையனிடமே கேட்டேன். "ஜேசிபி" என்றான். வடைச் சட்டிக்குப் பக்கத்தில் இப்போது மஞ்சளாக ஒரு ஜேசிபி நிற்கிறது.

*

அண்ணா, நீங்கள் எழுதிய பூச்சாண்டி கதையைப் படித்தேன். நான் மதுரைப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். எங்கள் சுவரில் ராஜகுமாரி ரோஸ் நிறம், ராட்சசன் கறுப்பு. பிள்ளைகள் அந்தக் கதையை விளையாடும்போது யார் ராட்சசன் என்று கேட்பதே இல்லை. இருப்பதிலேயே கறுப்பான பையன் தானாகப் போய் அந்த இடத்தில் நின்றுகொள்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலு வயசு அவனுக்கு. அதைப் பார்த்த அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. சென்னை கண்ணகி நகர்ச் சுவர்களில் அங்கே குடியிருக்கும் பிள்ளைகளின் முகத்தையே, அதே நிறத்தில், மாடி உயரத்துக்கு வரைந்திருக்கும் படத்தைப் பார்த்தேன். நம் ராஜகுமாரியை மட்டும் ஏன் அப்படி வரைவதில்லை? பெயிண்டரிடம் கேட்டால், "ஸ்கின் கலர்னா இதுதான் மேடம்" என்கிறார்.

*

உங்கள் பெயிண்டர் சொல்வது எங்கள் தொழில் பேச்சு, அம்மா. வெள்ளையில் துளி சிவப்பு விட்டால் அதற்குப் பெயர் ஸ்கின் கலர் என்றுதான் நானும் கற்றேன். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வெள்ளை எமல்ஷனில் எல்லோ ஆக்சைடும் ரெட் ஆக்சைடும் தாராளமாக, கறுப்பு சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகக் கலக்கி, கையில் தடவிப் பார்க்க வேண்டும். அந்தப் பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அவன் கைக்கு ஒத்துப்போகும் வரை கலக்கச் சொல்லுங்கள். ராஜகுமாரிக்கு அந்த டப்பாவையே எடுக்கட்டும்.