பிரசவ உதவித்தொகை: உங்க வீட்டு அனுபவம் என்ன?

தங்கச்சிவேர்:
அண்ணிக்கு பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதியறப்போ தர்ற எண்), உதவித்தொகையில முதல் ரெண்டு தவணை எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. பிரசவமான அரை மணி நேரத்துல உதிரப்போக்கு. நிக்கவே இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, 108-ல காலிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு உடுப்பைச் சுத்தி இறுக்கினாங்க. ஒட்டுப்பட்டையைப் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டின அந்த 'சர்ர்' சத்தம் இன்னும் காதுல கேக்குது. அண்ணி பிழைச்சுட்டாங்க. ஊர்ல எல்லாரும் 18,000 ரூபாயைத்தான் புகழறாங்க. காப்பாத்தினது அந்த உடுப்பு இல்லையா?

பழைய_வி.எச்.என்:
அந்தக் காசு இல்லாட்டி அண்ணி நாலாம் மாசம் வரைக்கும் கிராம சுகாதார நர்ஸுங்க எங்க கண்ணுலயே பட்டிருக்க மாட்டாங்கம்மா. 12 வாரத்துக்குள்ள பதியணும்னு சொன்னா மாமியாரே கூட்டிட்டு வருவாங்க. ஆனா இந்தக் காசு தர்ற முத்துலட்சுமி ரெட்டி திட்டம் ரெண்டு பிள்ளைக்குத்தான். மூணாவது உண்டான ஒருத்தி ஏழாம் மாசம் வரைக்கும் ஒளிஞ்சிருந்தா. வீட்டுக்குப் போய் கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் துணி மாதிரி. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 5.8தான். "எனக்குத்தான் காசு கிடையாதே, எதுக்குக்கா வரணும்?"னு கேட்டா. பதில் சொல்ல வாய் வரல.

கணக்குப்பிள்ளை77:
மேல சொன்னதுல பாதிதான் சரி. தமிழ்நாட்டுல லட்சம் உயிர்ப் பிறப்புக்கு தாய் இறப்பு 2004-06-ல 111, 2018-20-ல 54. உதவித்தொகை 2006-ல 6,000, 2011-ல 12,000. சேர்ந்து நடந்ததாலயே காசுதான் குறைச்சதுன்னு ஆயிடுமா? 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், சீமாங் மையம் (அவசரப் பிரசவ சிகிச்சை தர்ற இடம்), 108 எல்லாம் அதே காலத்துல விரிஞ்சதுதானே. காசு ஆளை வாசல் வரைக்கும் கொண்டு வரும். உள்ள ரத்தமும் டாக்டரும் இருக்கணும். என் மனைவிக்கு ஒரு தவணை குழந்தை நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் வந்துச்சு, அவ்வளவுதான் என் கதை. இனி பதியறவங்க கவனிங்க: கணக்கு மனைவி பேர்லயே இருக்கட்டும், மாமனார் பேர் வேண்டாம். ஆதார் இணைப்பை வங்கிக்கே போய்ப் பாருங்க. தாய் அட்டையில இருக்கிற பேரும் ஆதார் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும், இனிஷியல் உட்பட. போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

தங்கச்சிவேர்:
நான் வங்கிக் கணக்கு பத்திக் கேக்கவே இல்லையே சார். அக்கா, அந்த மூணாவது பிள்ளைக்காரி என்ன ஆனாங்க?

பழைய_வி.எச்.என்:
ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. அதுக்குக் கூட்டிட்டுப் போக மூணு தடவை அவ வீட்டு வாசல்ல உக்காந்தேன். பொம்பளப் புள்ள பொறந்துச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.