இங்கிலீஷ் படிச்சா புரியுது, வாயைத் திறந்தா கிராமர் போயிடுது, எப்படி பிராக்டிஸ் பண்றது?

தாராவி_மழை:
எல்லாருக்கும் வணக்கம். நான் மும்பை தாராவி, 90 ஃபீட் ரோடு பக்கம். ஏழாவது வரைக்கும் முனிசிபாலிட்டி தமிழ் மீடியம் ஸ்கூல், எட்டாவதுல இங்கிலீஷ் மீடியம் மாறினப்போ கிளாஸ்ல என்ன நடக்குதுன்னே புரியாம ஒரு வருஷம் ஓடிச்சு, எப்படியோ பி.காம் முடிச்சு இப்ப ஐரோலில பேக் ஆபீஸ் வேலை, மூணு வருஷம் ஆச்சு. மெயில் வந்தா படிச்சு புரிஞ்சுக்குவேன், நாலு தடவ சரிபார்த்து பதிலும் எழுதிடுவேன். போன மாசத்துலேர்ந்து வெளிநாட்டு கிளையன்ட் ஃபோன் கால்ல உக்கார வெச்சிருக்காங்க, அங்கதான் பிரச்சனை. நேத்து 'ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'னு சொன்னேன், கொஞ்ச நேரத்துல 'டிட் யூ காட் மை மெயில்'னு கேட்டேன். சொல்லி முடிச்ச உடனே தப்புன்னு எனக்கே தெரியுது ஆனா வாய் முந்திக்குது. கால் முடிஞ்சதும் டீம் லீட் எல்லார் முன்னாடியும் திருத்தினாரு, வீடு வர்ற வரைக்கும் மனசே ஆறல.

ஃப்ரெண்ட்ஸ் ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க, 500 சென்டென்ஸ் இருக்கு, மனப்பாடம் பண்ணா போதும்னாங்க. அறுபது வரைக்கும் பண்ணிட்டேன், பேசும்போது அதுல ஒண்ணுகூட வர மாட்டேங்குது. கிராமரை முதல்லேர்ந்து படிக்கணுமா, இல்ல இப்படி மனப்பாடமே பண்ணணுமா? சயான்ல ஏறி தானேல மாறி ஐரோலி போறேன், அந்த ட்ரெயின் நேரம் மட்டும்தான் எனக்குன்னு இருக்கு.

முலுண்ட்_நைட்ஷிஃப்ட்:
தங்கச்சி அந்த பிடிஎஃப்பை மூடி வெச்சிரு. நானும் இதே ரூட்லதான் வந்தேன். அதுல 'வேர் இஸ் த நியரஸ்ட் போஸ்ட் ஆபீஸ்'னு இருக்கும், நீ என்னைக்கு கிளையன்ட்கிட்ட போஸ்ட் ஆபீஸ் கேக்கப்போற? ஒரு சின்ன நோட்டு வாங்கு. இன்னைக்கு ஆபீஸ்ல தமிழ்லயோ ஹிந்திலயோ நீ சொன்ன பத்து விஷயத்தை எழுது, "ஃபைல் இன்னும் வரல", "நாளைக்கு பார்த்து சொல்றேன்", இந்த மாதிரி. அதை இங்கிலீஷ்ல சரியா எழுதி யார்கிட்டயாவது திருத்தி வாங்கி, ட்ரெயின்ல வாய்விட்டு சொல்லு, மனசுக்குள்ள சொன்னா வேலைக்கு ஆகாது, நாக்கு பழகணும். லேடீஸ் டப்பால, அதான் பெண்கள் பெட்டில, கூட்டமா இருக்கும்தான், ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டா போன் பேசுறதா நினைச்சுப்பாங்க.

கேக்குறதுக்கு பிபிசியோட சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் இருக்கு, ஆறு நிமிஷம்தான், அவங்க சைட்லயே பேசினது முழுசும் எழுத்தாவும் கிடைக்கும், ஃப்ரீ. ஒரு தடவ சும்மா கேளு, ரெண்டாவது தடவ எழுத்தைப் பார்த்துக்கிட்டே கேளு, மூணாவது தடவ அவங்க பின்னாடியே அதே வேகத்துல சொல்லு. ஒரே எபிசோடை ஒரு வாரம் கேளு, தினம் புதுசு தேடாத.

மாட்டுங்கா_டீச்சர்:
அம்மா, முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு ரிட்டயர் ஆனவன் நான், அதுல பாதி பிள்ளைங்க தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துலேர்ந்து வந்தவங்க. உங்க ரெண்டு தப்பையும் பார்த்ததும் அவங்க ஞாபகம்தான் வந்துச்சு.

முதல் தப்பு உங்க தமிழால வந்தது இல்ல, மும்பை ஹிந்தியால வந்தது. ஹிந்தில 'தீன் சால் ஸே', '2021 ஸே', ரெண்டுக்கும் ஒரே 'ஸே'. அதனாலதான் இங்க எல்லாரும் ரெண்டுக்கும் சின்ஸ் போடுறாங்க. தமிழ்ல நாம பிரிச்சுதானே சொல்றோம்? "மூணு வருஷமா", "2021லேர்ந்து". "வருஷமா", "நாளா" மாதிரி 'ஆ'ல முடிஞ்சா ஃபார், 'லேர்ந்து' வந்தா சின்ஸ். ஃபார் த்ரீ இயர்ஸ், சின்ஸ் 2021. தமிழ்ல ஒரு தடவ சொல்லிப் பாருங்க, எது வரணும்னு உங்களுக்கே தெரியும். வினைச்சொல்தான் வேற, நாம "வேலை பாக்குறேன்"னு நிகழ்காலத்துல முடிச்சிடுவோம், அவங்களுக்கு அங்கேர்ந்து இங்க வரைக்கும் நீளுற வேலைக்கு 'ஹேவ் பீன் வர்க்கிங்' வேணும். 'ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' இதை நூறு தடவ சொல்லுங்க, உங்க சொந்த விஷயம்ங்கறதால மறக்காது.

அடுத்தது 'டிட் யூ காட்'. இறந்தகாலத்தை டிட் ஏற்கனவே தூக்கிக்கிச்சு, இன்னொரு தடவ தூக்க வேண்டியதில்ல, 'டிட் யூ கெட்', 'டிட் ஹீ கோ'. கிராமரை முதல் பக்கத்துலேர்ந்து படிக்க வேண்டாம்மா. உங்க வாய்ல திரும்பத் திரும்ப வர்ற தப்பு அஞ்சாறுதான் இருக்கும், அதை மட்டும் படிங்க.

இன்னொண்ணு, எல்லார் முன்னாடியும் திருத்தினது சரியில்ல. தனியா கூப்பிட்டு சொல்லியிருக்கலாம். அந்த பயத்துல வாயை மூடிடாதீங்க.

செம்பூர்_அக்கா:
சார் சொன்னது அத்தனையும் சரி, ஆனா மனப்பாடமே வேண்டாம்னு முலுண்ட் தம்பி சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். கால்ல மாட்டிக்கிட்டா யோசிக்க நேரம் இருக்காது, அப்ப கைகொடுக்க நாலஞ்சு சென்டென்ஸ் தூக்கத்துல எழுப்பினாலும் வரணும். புரியலன்னா 'சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்'. உடனே பதில் தெரியலன்னா 'லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ'. இந்த ரெண்டுமே என்னை எத்தனையோ தடவ காப்பாத்தியிருக்கு.

அப்புறம் நம்ம ஊர்ல ஓடுற சில வார்த்தை வெளில ஓடாதுமா. 'ஐ ஹேவ் எ டவுட்'னு நான் ஒரு கிளையன்ட்கிட்ட சொன்னேன், அவங்க கணக்கு தப்புன்னு சந்தேகப்படுறேன்னு நினைச்சுட்டு அந்தம்மா ரொம்ப நேரம் விளக்கம் குடுத்தாங்க, எனக்கு கஷ்டமா போச்சு. கேள்வி இருந்தா 'கொஸ்டின்'னு சொல்லு. 'ப்ரீபோன்', அதாவது மீட்டிங்கை முன்கூட்டியே வெச்சுக்கிறது, நமக்கு நல்லாவே புரியும், அவங்கள்ல நிறைய பேருக்கு புரியாது, 'ப்ரிங் ஃபார்வர்ட்' சொல்லு. குரல் கேக்கலன்னா லிஸன் வராது, 'ஐ கேன்ட் ஹியர் யூ'. தமிழ்ல சத்தம் கேக்குறதும் காது குடுத்து கேக்குறதும் கேள்வி கேக்குறதும் ஒரே கேக்குறதுதான், இங்கிலீஷ்ல ஹியர், லிஸன், ஆஸ்க்னு மூணா பிரிச்சு வெச்சிருக்காங்க, இதுல நான் ரொம்ப நாள் தடுமாறினேன்.

தாராவி_மழை:
அக்கா, சார், அண்ணா, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரமா நோட்டு எழுதுறேன். நாலு சென்டென்ஸ் போடுறேன், திருத்துங்க சார்.
'ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே.'
'கேன் யூ டெல் மீ வேர் இஸ் த ரிப்போர்ட்?'
'ஐ காட் எ மெயில் ஃப்ரம் தெம். த மெயில் ஹேஸ் டூ அட்டாச்மென்ட்ஸ்.'
'மை பிரதர் இஸ் டிரைவர்.'

மாட்டுங்கா_டீச்சர்:
மூணாவது அருமை, "ஒரு மெயில் வந்துச்சு, அந்த மெயில்ல"ன்னு நாம சொல்ற அதே வரிசை, ஒரு-க்கு எ, அந்த-க்கு த. ஆனா அதை நம்பி நாலாவதுல விட்டுட்டீங்க, "அண்ணன் டிரைவர்"னு தமிழ்ல ஒரு இல்லாமயே முடிஞ்சிடும், அவங்களுக்கு தொழிலைச் சொன்னா 'எ டிரைவர்'னு கண்டிப்பா வேணும்.

முதல்ல, "நேத்தே அனுப்பியிருக்கேனே"ன்னு தமிழ்ல தாராளமா சொல்லலாம், இங்கிலீஷ்ல நேத்து, போன வாரம்னு முடிஞ்சுபோன நேரத்தைச் சொல்லிட்டா ஹேவுக்கு இடமில்ல. 'ஐ சென்ட் த ஃபைல் எஸ்டர்டே.' நேரம் சொல்லலன்னா 'ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்' சரி. ரெண்டாவதுல கேள்வி உள்ள போயிடுச்சு, அப்ப இஸ் கடைசிக்கு போகும், 'வேர் த ரிப்போர்ட் இஸ்'. "ரிப்போர்ட் எங்க இருக்குன்னு"ங்கறதுலயும் இருக்கு கடைசிலதான் வருது பாருங்க.

தாராவி_மழை:
சார், இன்னைக்கு கால்ல 'ஐ சென்ட் இட் ஆன் மண்டே'ன்னு சரியா சொல்லிட்டேன்! இன்னொண்ணு நானா கண்டுபிடிச்சேன், சரியான்னு சொல்லுங்க. கிளையன்ட் 'பை ஃப்ரைடே'ன்னாங்க, நான் எப்பவும் 'டில் ஃப்ரைடே ஐ வில் சென்ட்'னுதான் சொல்லுவேன். ஹிந்தில ரெண்டுக்கும் 'தக்'தானே, அதான் குழப்பம். தமிழ்ல "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புறேன்" வேற, "வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு" வேற. அப்ப 'க்குள்ள'ன்னா பை, 'வரைக்கும்'னா டில், சரியா சார்?

மாட்டுங்கா_டீச்சர்:
சரிம்மா, ரொம்பச் சரி. இது நான் சொல்லிக்கூட தரல. பை ஃப்ரைடேன்னா வெள்ளிக்கிழமையும் கணக்குல சேரும், அன்னைக்கு சாயங்காலம் அனுப்பினாலும் சொன்ன சொல் காப்பாத்தின மாதிரிதான்.